ஒரு பொத்தானுக்கு ஒரு வரம்

எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஐந்து பேர் தாராளமாக உட்காரலாம். மனைவி போன பிறகு நான் ஒருவன்தான் அதில் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அதனால்தான் அக்கா, ஞாயிறு மதியங்களில் பகடைக் கதை ஆட்டத்தை ஆரம்பித்தேன். தெருமுனைக் கண்ணாடிக் கடைக்காரரும் ஒரு டீச்சரும் வந்தார்கள். உங்கள் தம்பியும் அப்படித்தான் எங்களோடு சேர்ந்தார்.

ஆட்டம் எளிது. நான் கதையை நடத்துவேன். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக உள்ளே நடமாடுவார்கள். அந்த உலகத்தில் என்ன இருக்கிறது என்று சொல்வது வழக்கமாகக் கதை நடத்துபவரின் உரிமை. நான் அதில் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஒரு வீட்டு விதி வைத்தேன். ஆளுக்கு ஒரு சட்டைப் பொத்தான். அதை மேசையில் வைத்தால் கதையில் எதை வேண்டுமானாலும் சேர்க்கலாம். நான் மறுக்க முடியாது. கண்ணாடிக் கடைக்காரர் எப்போதும் புதையல் கேட்பார். டீச்சர் பாலம் கட்டுவார்.

உங்கள் தம்பி மூன்று மாதம் பொத்தானைத் தொடவேயில்லை. லிஃப்ட் மெக்கானிக் அல்லவா, எதையும் நிதானமாகத்தான் செய்வார். ஒருநாள், கதையில் நாங்கள் ஒரு விடுதியில் தங்கியிருந்தபோது, வைத்தார்.

"விடுதி வாசல்ல ஒரு பொண்ணு நிக்குது. ஏழு வயசு. என்னைப் பாத்து அப்பான்னு கூப்பிடுது."

அவர் மகள் பாப்பா அதே வயதில் விபத்தில் போனது எங்களுக்குத் தெரியும். ஆனாலும் கதை மாந்தருக்குக் குரல் கொடுப்பது என் பொறுப்பு. கொடுத்தேன். "ஏம்பா இவ்ளோ லேட்டு?"

அவர் அழுதார், சிரித்தார். அடுத்த வாரம் முதல் ஆளாக வந்து நின்றார்.

டீச்சர் என்னைச் சமையலறையில் தனியாகப் பிடித்தார். "இது விளையாட்டு இல்லைங்க. மனுஷன் உருகிப் போறாரு. நிறுத்திடுங்க." விதி விதிதான் என்றேன். டீச்சர் வருவதை நிறுத்திக்கொண்டார். கண்ணாடிக் கடைக்காரரும் மெல்லக் கழன்றுகொண்டார். மிஞ்சியது நாங்கள் இருவர். மூவர் என்றும் சொல்லலாம்.

பிறகு ஒரு ஞாயிறன்று ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு வந்தார். இதயத்தில் அறுவை சிகிச்சை. அது முடிந்து ஆறு மாதம் உங்கள் வீட்டில் ஓய்வு. கடிதத்தை என்னிடம் படிக்கக் கொடுத்தார். யோசனையை மட்டும் என்னிடம் கேட்கவில்லை. கதையில் இருந்த பாப்பாவிடம் கேட்டார்.

"அப்பா போயிட்டு வரட்டுமாம்மா?"

நான் அவசரப்படவில்லை. வாயில் இருந்த தேநீரை விழுங்கினேன்.

"வேணாம்பா. நீங்க போயிட்டா நான் தனியா இருப்பேன்ல."

அவர் கடிதத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஒன்பதாவது வாரம், ஓர் அலுவலகக் கட்டடத்தின் நான்காம் மாடியில், கருவிப் பெட்டிமேல் தலைசாய்த்தபடி கிடந்தார்.

அடக்கத்தன்று என் கையைப் பிடித்துக்கொண்டு, "டாக்டர் தேதி குடுத்தும் அவன் ஏன் வரல?" என்று கேட்டீர்கள். தெரியலைக்கா என்றேன். அது பொய். போகவிடாமல் செய்தவன் நான். நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். எதையும் வரி விடாமல் படிப்பேன். தள்ளிப்போட்டால் உயிருக்கு ஆபத்து என்று அந்தக் கடிதத்தில் தெளிவாகவே இருந்தது. தனியாக இருப்பேன் என்று நான் சொன்னது என்னைப் பற்றி.

ஆனால் ஒன்று அக்கா. பாப்பா உயிரோடு இருந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பாள். அவள் மனசு எனக்கு நன்றாகத் தெரியும். நேரில் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை, அவ்வளவுதான்.