எட்டாவதுக்கு மேல

— ஐயோ டீச்சர், இன்னொரு தரம் சொல்லுங்க. பெரிய ஆபீசர் மேப்பைக் காட்டுனப்போ நான் இன்னா சொன்னேன்?

— நீ சொன்னதை நான் எதுக்கு ஜெயம்மா சொல்லணும்? கொஞ்சம் மெதுவாப் பேசு. பஸ்ல எல்லாரும் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டுமே! நம்ம ஊரு பள்ளிக்கூடத்தை ஹைஸ்கூல் ஆக்கிட்டாங்க, இதை மெதுவா வேற பேசணுமா? ஏம்பா கண்டக்டர் பழனி, இங்க வா. கைய நீட்டு. இந்தா லட்டு.

— இன்னாக்கா விசேஷம்? உன் பொண்ணு அபிநயாவுக்கு மாப்ள பாத்துட்டியா?

— வாய் மேலயே போடுவேன்! அவ ஒம்போதாவது போப்போறாடா. நம்ம ஊருலயே. வூட்லர்ந்து நடந்தே போவா.

— மெய்யாலுமா டீச்சர்?

— மெய்தான் பழனி. ஜூன்ல ஒம்போதாவது ஆரம்பிக்கிறோம். அடுத்த வருசம் பத்தாவது.

— அடேங்கப்பா! எட்டாவது முடிச்சா ஒண்ணு மலைக்குக் கீழ ஹாஸ்டலு, இல்லாட்டி மேல ஆடு மேய்க்கறது. இத்தினி வருசமா அதானே நம்ம பொண்ணுங்க கதை.

— கேளு பழனி, கூத்தைக் கேளு. அடுத்த ஹைஸ்கூல் கிட்டத்துலயே இருக்குதாம், அதனால நமக்குத் தர முடியாதாம். அந்தப் பெரிய ஆபீசர் மேப்பு மேல ஸ்கேலை வெச்சுக் கோடு இழுத்துக் காட்டறாரு.

— கிட்டவா? நடுவுல அம்மாம் பெரிய பள்ளம் இருக்குதேக்கா!

— அதான்! நான் எழுந்து நின்னேன். 'சார், நாங்க கழுகுக்கு ஹைஸ்கூல் கேக்கல, புள்ளைங்களுக்குக் கேக்குறோம்'னுட்டேன்.

— செத்தாரு மனுசன்!

— ஆமா பழனி, அவரு பேனாவையே கீழ வெச்சிட்டாரு. நான் ராவெல்லாம் முழிச்சு எழுதிட்டுப் போன பேச்சு அப்படியே பையில கெடக்கு. ஒரு வரி படிக்கல.

— டீச்சர் அடக்கமா பேசறாங்க, நம்பாத. போன மாசம் சின்ன ஆபீசர் விசாரிக்க வந்தாரு இல்ல, அவரை அந்தப் பள்ளத்துல எறக்கி நடக்க வெச்சது யாரு? இவங்கதான். 'வாங்க சார், பேசிக்கினே போலாம்'னு நைசா இஸ்துகினு போயிட்டாங்க. ஓடையில ஒத்தைச் செருப்பு போயிடுச்சு அவருக்கு! பாறை மேல உக்காந்து, 'அம்மா, இன்னும் எவ்ளோ தூரம்?'ன்றாரு பாவம். டீச்சர் முகத்தைப் பச்சப் புள்ளையாட்டம் வெச்சிக்கினு, 'இப்பதான் சார் ஆரம்பிச்சிருக்கோம்'ன்றாங்க!

— ஐயையோ, வயிறு வலிக்குதுக்கா!

— இரு, இன்னும் இருக்குது. இன்னிக்கு அந்தச் சின்ன ஆபீசரும் பக்கத்துலதான் நின்னுக்கினு இருந்தாரு. பெரியவரு அவரைப் பாத்து, 'இந்தம்மா சொல்றது நிஜமா?'ன்னாரு. அவரு இன்னா சொன்னாரு, நீங்க சொல்லுங்க டீச்சர்!

— 'நிஜம் சார், என் செருப்பு இன்னும் அங்கதான் இருக்கு'ன்னாரு.

— இதுக்கே உங்களுக்கு டிக்கெட் போடக் கூடாது. ஆனா போட்டுட்டேன். ரைட்டு, ரைட்டு! வளைவு வருது, கம்பியப் புடிச்சிக்குங்க!

— டீச்சர், பேனருக்குச் சொல்லிட்டேன்.

— அதுக்குள்ளயா?

— ஆபீஸ் வாசல்லயே பேனர் கடை மஞ்சுளாவுக்குப் போன் போட்டுட்டேன். நடுவுல உங்க போட்டோ, இம்மாம் பெருசு. ஓரத்துல சின்னதா நான். ரொம்பச் சின்னதா இல்ல. கீழ கொட்டை எழுத்துல, 'உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர் அமுதவல்லி'. மேளம் வேற.

— என் போட்டோ வேணாம் ஜெயம்மா. பள்ளிக்கூடத்தைப் படம் புடிச்சுப் போடு.

— கட்டடமா வந்து ஆபீசர்கிட்ட வாதாடுச்சு? வெக்கப்படாதீங்க.

— வெக்கம் இல்ல. அந்தப் பேரு தப்பா ஆயிடும்.

— இன்னா தப்பு?

— எட்டாவது வரைக்கும் இருக்குற பள்ளிக்கூடத்துக்குத்தான் நான் ஹெட்மாஸ்டர். ஹைஸ்கூல் ஆயிட்டா அதுக்கு வேற பதவி, வேற ஹெட்மாஸ்டர் வருவாங்க. ஜூன்ல நான் கெளம்பணும்.

— வெளையாடாதீங்க டீச்சர். சிரிச்சிக்கினே சொல்றீங்க, ஒண்ணும் புரியல.

— வெளையாட்டு இல்ல. சிரிப்பு தானா வருது, நான் என்ன பண்ண?

— இது உங்களுக்கு எப்ப தெரியும்?

— மொத மனு எழுதறப்பவே தெரியும்.

— பழனி! டேய் பழனி! விசில் அடி, வண்டியத் திருப்பச் சொல்லு!

— யக்கா, இது கவருமெண்டு பஸ்ஸு. கொண்டை ஊசி வளைவுல எங்க போயி திருப்பறது? லட்டு மறந்து வெச்சிட்டியா?

— டீச்சரையே மறந்துட்டேன்டா! அந்த ஆபீசர் கால்லயாவது வுழுறேன்.

— விழுந்து என்ன கேப்ப ஜெயம்மா? ஹைஸ்கூல் வேணாம்னா?

— அது வந்து...

— சரி, வேணாம்னே கேளு. அபிநயாகிட்ட யாரு போயி சொல்றது? நீயா, நானா?

— எனக்கு ரெண்டும் வேணும் டீச்சர். ஹைஸ்கூலும் வேணும், நீங்களும் வேணும். இன்னாங்க இது, அழுவையா வருது, அந்தச் செருப்பை நெனச்சா சிரிப்பும் அடங்க மாட்டேங்குது.

— எனக்கும் அப்படித்தான் இருக்கு. மூக்கைத் தொடச்சிக்கோ.

— போறது போறீங்க, நல்ல எடமாவாவது குடுத்தாங்களா? கீழ சந்தவாசல்ல, உங்க வூட்டாண்ட?

— குடுக்கிறேன்னாங்க. வீட்டுப் பக்கத்துலயே எடம் காலியா இருக்கு, எடுத்துக்குங்கன்னாங்க.

— அப்பாடா! காலங்காத்தால இந்த டப்பா பஸ்ல குலுங்க வேணாம். மத்தியானம் வூட்டுச் சோறு.

— நான் வேணாம்னுட்டேன். மலையிலயே, அந்தக் கோடியில ஒரு ஊரைக் கேட்டு வாங்கியிருக்கேன்.

— உங்களுக்குப் புத்தி கித்தி கெட்டுப் போச்சா? பஸ்ஸே போவாத ஊராச்சே அது! அங்க இன்னா இருக்குதுன்னு போறீங்க?

— எட்டாவது வரைக்கும் ஒரு பள்ளிக்கூடம் இருக்கு ஜெயம்மா. அதுக்கு மேல ஒண்ணும் இல்ல.