ஹார்ன் சோதனை குறித்து அண்ணனுக்கு

கணவர்: ...எழுதிட்டியா? அடுத்த வரி. "சோதனையின்போது இருந்தவர்கள்." அடிக்கோடு போடு. "ஓட்டுநர் இருக்கையில், நான். எனக்கு இடப்பக்கம், மடியில் அட்டை வைத்து இக்கடிதத்தை எழுதுகிறவளாகிய என் மனைவி. திறந்த பானட்டுக்கு முன்னால், கவிழ்த்த வாளியின்மேல், மெக்கானிக். பின்னிருக்கையில் யாரும் இல்லை."

மனைவி: இல்லாதவங்களை எதுக்குங்க எழுதணும்?

கணவர்: யார் யார் எங்க உக்காந்திருந்தாங்கன்னு விவரமா வேணுமாம். அண்ணனே கேட்டிருக்கார்.

மனைவி: ஹார்ன் அடிக்குதா, அடிக்கலையா... ஒரு போன்ல முடியற விஷயம்.

கணவர்: போன்ல சொல்லாதே, எழுத்துல அனுப்புன்னுட்டார். வண்டி அவருது. இத்தனை நாள் நாம சும்மா ஓட்டினோம்.

மனைவி: நாம ஓட்டலை, நான் ஓட்டினேன். நீங்க பக்கத்துல உக்காந்து பிரேக் மிதிச்சீங்க. பிரேக்கே இல்லாத பக்கத்துல.

மெக்கானிக்: சார், ஆரம்பிக்கலாமா? வாளி சுடுது.

கணவர்: இரு தம்பி, உனக்கும் விஷயம் தெரியணும். ஹார்ன் ஒழுங்கா அடிச்சா, ஞாயித்துக்கிழமை அண்ணன் வந்து வண்டியை எடுத்துட்டுப் போயிடுவார். போன மாசம் மாதிரி விட்டு விட்டு அடிச்சா வேணாம், இங்கயே இருக்கட்டும்னுட்டார். ஹார்னை நம்பித்தான் அவர் ஸ்டியரிங்கையே தொடுவார்.

மனைவி: வண்டி போனா எனக்குக் காலையில ரெண்டு பஸ். நான் போய்க் கிளினிக் கதவைத் திறந்தாத்தான் பல் டாக்டரே உள்ள போக முடியும். வாசல்ல வீங்கின கன்னத்தோட ஒரு வரிசையே நிக்கும்.

கணவர்: அதுக்காக? கூடப் பிறந்தவர்கிட்ட பொய் சொல்றதா? உள்ளதை உள்ளபடி எழுது. "முதல் சோதனை." அழுத்தறேன்.

ஹார்ன்: ...

மனைவி: அடிக்கலை!

கணவர்: அடிக்கலை. ஐயோ பாவம். எழுது, "ஒலிக்கவில்லை." அவ்வளவுதான். "இப்படிக்கு, அன்புத் தம்பி."

மெக்கானிக்: சார், சார்... இங்க ஒரு ஒயர் கழண்டு தொங்குதே. மாட்டிட்டேன், அடிங்க.

கணவர்: மாட்டிட்டியா? அதுக்குள்ளயா?

மெக்கானிக்: அதுக்குத்தானே சார் கூப்பிட்டீங்க?

கணவர்: ஆமா... அதுக்குத்தான். நல்ல வேலைக்காரன்பா நீ.

ஹார்ன்: பாஆஆஆம்!

மனைவி: அய்யய்யோ!

கணவர்: என்ன அய்யய்யோ?

மனைவி: அய்யய்யோ, எவ்வளவு ஜோரா அடிக்குதுன்னேன். தெருவே திரும்பிப் பாக்குது.

கணவர்: ம்... எழுது. "ஒயர் மாட்டிய பின், ஒலித்தது."

மனைவி: பேனா கீழ விழுந்துடுச்சுங்க. ஒரு நிமிஷம்... இந்த டேஷ்போர்டுக்கு அடியில ஒரே இருட்டு...

கணவர்: மெதுவா எடு. அவசரமே இல்லை.

மனைவி: ஆங்... கிடைச்சாச்சு. எதுக்கும் இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்க. ஒரு தடவை அடிச்சதையெல்லாம் நம்ப முடியுமா?

ஹார்ன்: ...

மனைவி: பாத்தீங்களா!

கணவர்: அட! "ஒலித்தது"ங்கறதை அடிச்சுடு.

மனைவி: அடிச்சுட்டேன்.

மெக்கானிக்: ஃப்யூஸா இருக்கும். அது அக்கா காலுக்கிட்டதான் இருக்கு. அக்கா, கொஞ்சம் காலை நகர்த்துங்க, பாத்துடறேன்.

மனைவி: வராதே! பேனா மூடி இன்னும் கிடைக்கலை. நீ வந்து மிதிச்சுட்டா? நானே பாக்கறேன்... இரு... தோ... ஆச்சு. இப்ப வந்து பாரு.

மெக்கானிக்: ஃப்யூஸ் கெட்டியா உக்காந்திருக்கே. அடிங்க சார்.

ஹார்ன்: பாஆம்! பாம்!

கணவர்: அடிச்சதை அடிச்சுட்டு, மறுபடி "ஒலித்தது"ன்னு எழுது.

மனைவி: ஏங்க, இப்பவே இது பள்ளிக்கூடத்துப் பையன் கணக்கு நோட்டு மாதிரி ஆயிடுச்சு.

கணவர்: இரு, முடிவுக்கு வந்துடாதே. ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாக்கணும். சில வண்டியில ஒரு பக்கம் திருப்பினா அடிக்கும், இன்னொரு பக்கம் அடிக்காது. என்ன தம்பி?

மெக்கானிக்: உண்டு சார். உள்ள ஒயர் தேய்ஞ்சிருந்தா அப்படி ஆகும்.

கணவர்: இடப்பக்கம் திருப்பறேன்.

ஹார்ன்: பாஆம்!

கணவர்: வலப்பக்கம்...

ஹார்ன்: ...

கணவர்: பாத்தியா, பாத்தியா! வலப்பக்கம் ஊமை! "வலப்புறம் திருப்புகையில் ஒலிக்கவில்லை." பெருசா எழுது.

மெக்கானிக்: சார், உங்க கட்டைவிரல் ஓரத்துல இருக்கிற மாதிரி தெரியுது. நட்ட நடுவுல அழுத்தணும்.

கணவர்: எனக்கே ஹார்ன் அடிக்கச் சொல்லித் தர்றியா? நீ போய் உன் வாளியில உக்காரு.

மனைவி: அவர் அழுத்தினா அழுத்தினதுதாம்ப்பா. அவர் விரலைப் பத்திப் பேசாதே.

கணவர்: அடடே... இன்னிக்கு என்ன, என் பக்கம் பேசறே?

மனைவி: நியாயம்னு ஒண்ணு இருக்குல்ல?

மெக்கானிக்: சரி, நடுநிலையா நான் அழுத்தறேன். சார் இறங்கி நில்லுங்க. அக்கா, நீங்களும் இறங்கி அந்தச் சுவர் ஓரமா வந்துடுங்க.

மனைவி: நான் எதுக்கு இறங்கணும்? நான் வெறுமனே எழுதறவ.

மெக்கானிக்: உங்க பேனாதான் அடிக்கடி விழுதே அக்கா. ம்... ரெண்டு பேரும் அங்கயே நில்லுங்க. முன்னால ஒரு தடவை கை விட்டுப் பாத்துடறேன்... சரி. இப்ப உள்ள உக்காந்தாச்சு. நட்ட நடுவுல, ரெண்டு கட்டைவிரலால அழுத்தறேன்.

ஹார்ன்: ...

மெக்கானிக்: இன்னொரு தடவை.

ஹார்ன்: ...

கணவர்: அடிக்கலையா?

மனைவி: நிஜமாவே அடிக்கலையா?

கணவர்: நிஜமாவேன்னா?

மனைவி: ஒண்ணுமில்லை. ஆச்சரியமா இருக்குன்னேன்.

கணவர்: எனக்கும்தான். இப்ப நான் எதையும்... அதாவது, யாரும் எதையும் தொடலையே.

மெக்கானிக்: எனக்குப் புரிஞ்சு போச்சு சார். இது மனசு வெச்சா அடிக்கும், இல்லைன்னா அடிக்காது. இப்படிப்பட்ட ஹார்னை நம்பி வண்டி எடுக்கறது ஆபத்து. பெரியவருக்கு அப்படியே எழுதிடுங்க.

கணவர்: மெக்கானிக்கே சொல்லிட்டான், வேறென்ன வேணும்? எழுதும்மா. "மேற்படி ஹார்ன் சில சமயம் ஒலித்தும், பல சமயம் ஒலியாமலும் இருக்கிறது. காரணம் பிடிபடவில்லை. தாங்கள் ஞாயிற்றுக்கிழமை சிரமப்பட்டு வர வேண்டாம். அண்ணியாரிடம் எங்கள் வணக்கத்தைச் சொல்லவும்."

மனைவி: "வர வேண்டாம்"க்கு அடியில கோடு போட்டுட்டேன்.

கணவர்: மடி. உறைக்குள்ள வை. பசையை நல்லாத் தடவு, ஓரத்துல தூக்கிக்கிட்டு நிக்குது. தம்பி, கேட்டுக்கு எதிர்லயே தபால் பெட்டி. ஒரு எட்டு போய்ப் போட்டுட்டு வந்துடு.

மெக்கானிக்: கொடுங்க சார்.

மனைவி: ...போயிட்டானா?

கணவர்: ரோட்டைத் தாண்டறான். சரி, அந்த ஃப்யூஸை எத்தனை தடவை பிடுங்கினே?

மனைவி: எ... எந்த ஃப்யூஸ்?

கணவர்: பேனா உன் காதுல செருகியிருந்தது. அதைக் கீழ தேடினியே, அப்ப பிடுங்கின ஃப்யூஸ்.

மனைவி: பாத்துட்டே சும்மா இருந்தீங்களா! சரி, அந்த ஒயர் தானா கழண்டுதா? காலங்காத்தால பானட்டைத் திறந்து, "எலி ஏதாவது இருக்கான்னு பாக்கறேன்"னு நின்னது யாராம்?

கணவர்: ...எலி இல்லை.

மனைவி: கூடப் பிறந்தவர்கிட்ட பொய் சொல்றதான்னு எவ்வளவு பேச்சு!

கணவர்: உனக்கு ரெண்டு பஸ்ஸுன்னா, காலையில யார் எந்திரிச்சுச் சமைக்கறது? நான். எனக்கு மட்டும் உசிரு வெல்லம் இல்லையா?

மனைவி: அதானே பாத்தேன், அன்பு எங்க இருந்து பொங்குதுன்னு! சரிங்க... ஒயர் நீங்க, ஃப்யூஸ் நான், வலப்பக்கம் உங்க விரல். கடைசியா அவன் அழுத்தினப்ப ஏன் அடிக்கலை? நாம சுவர் ஓரமாத்தானே நின்னோம்?

கணவர்: அதுதான் எனக்கும் புரியலை. நிஜமாவே கெட்டுப் போச்சோ? தம்பி! போட்டுட்டியா?

மெக்கானிக்: போட்டாச்சு சார், பெட்டிக்குள்ள விழுந்த சத்தமும் கேட்டாச்சு! ஹார்னுக்கு ஒண்ணுமில்லை, அதுக்குக் கரண்ட் விடற ரிலேயைக் கழட்டி என் சட்டைப்பையில வெச்சிருக்கேன், தோ வந்து மாட்டிடறேன்... உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாதேன்னுதான் முதல்ல எல்லாத்தையும் சரி பண்ற மாதிரி காட்டிக்கிட்டேன்... பெரியவர்தான் நேத்து எனக்கு போன் போட்டு அழாத குறையாச் சொன்னார், அண்ணியார் வண்டி ஓட்டக் கத்துக்கப் போறாங்களாம், இவர்தான் பக்கத்துல உக்காரணுமாம், "எப்பாடுபட்டாவது அந்த ஹார்னை ஊமையாக்கிடுடா, வர்ற கடுதாசியெல்லாம் அவதான் பிரிச்சுப் படிக்கிறா"ன்னு!