நாலு வீலும் இழுக்கணும்

தேனியிலிருந்து கம்பம் போகும் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு ஜீப் டிரைவரும் அவர் மாப்பிள்ளையும். டிரைவரின் மடியில் அப்போதுதான் வாங்கிய ரிமோட் கார் பெட்டி.

“நாலு வீலும் இழுக்கணும்னு சொன்னேன்ல மாப்ள? பின்வீலு மட்டும் இழுக்குறதத் தலையில கட்டிட்டான் கடைக்காரன்!”

“புதுசா ஓட்டுறவுகளுக்கு இதுதான் சரின்னு சொன்னாக மாமா.”

“யாரு புதுசு? இருவது வருசமா மழையிலயும் சேத்துலயும் மலை மேல ஏலக்காத் தோட்டத்துக்கு ஜீப்பு ஏத்துறவன் நானு!”

“கடை வாசல்ல ஓட்டிப் பாக்கச் சொன்னாக. நேரா சாக்கடையில கொண்டுபோய் விட்டீக.”

வீரபாண்டி வரை டிரைவர் பெட்டியின் மேலிருந்த படத்தையே திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பேருந்தே திரும்பிப் பார்க்கும்படி கத்தினார்.

“அந்தக் காரு திரும்பி என்னையப் பாத்துல்ல வருது! இடது வலதாயிருது, வலது இடதாயிருது. எந்த ஊரு ஜீப்பு மாப்ள, ஓட்டுறவனையே பாத்து வரும்?”