இருபதாவது பிள்ளை

— உக்காருங்க சார். நின்னுகிட்டுக் கத்தினா டிசி தானா நடந்து வந்துடாது.

— நான் கத்தல டீச்சர். நேத்து சாயங்காலம் தையல்காரம்மா போன்ல அழுதாங்க. பொண்ணு என்ட்ரன்ஸ் பாஸ் பண்ணி, ஹாஸ்டல் ஸ்கூல்ல சீட் கிடைச்சு, இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள டிசி குடுத்தாகணும். ஹெட்மிஸ்ட்ரஸே இழுத்தடிச்சா எப்படி? நியாயமா பாத்தா நீங்கதான் சந்தோஷப்படணும்.

— ஆறு தடவ சந்தோஷப்பட்டேன் சார். ஆறு டிசி எழுதிக் குடுத்தேன். இருபத்தாறு பிள்ளைங்க இருந்த ஸ்கூல் இருபதாயிடுச்சு. இவ ஏழாவது.

— அதுக்கு?

— நாளைக்குக் காலைல ஆபீஸர் வந்து தலைய எண்ணப் போறாரு. இருபதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் ஸ்கூலுக்குப் பூட்டு. சரியா?

— பூட்டினா வேற ஸ்கூல் இருக்கே.

— இருக்கு. லாரி ஓடுற ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒண்ணாங்கிளாஸ்ல ஆறு வாண்டுங்க இருக்கு, சட்டைப் பட்டனே நான்தான் போட்டு விடுறேன். அதுங்க எப்படி தாண்டும்? நீங்க கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போவீங்களா?

— ரெண்டு வருஷமா சனிக்கிழமை தவறாம வந்தேன் டீச்சர். ரிட்டயர் ஆனவன், வீட்ல காலை நீட்டிப் படுத்திருக்கலாம். கூட வந்தவங்கெல்லாம் சுவத்துக்கு பெயிண்ட் அடிச்சு, போட்டோ எடுத்து, அதோட சரி.

— அத நான் இல்லன்னு சொல்லல. ஆனா வந்து யாருக்குப் பாடம் எடுத்தீங்க? தேறுற ஏழு பேரப் பொறுக்கி உள்ள உக்கார வெச்சீங்க. மத்ததுங்க வராண்டாவுல எட்டிப் பாத்துகிட்டு நின்னுச்சுங்க. எத்தனை தடவ சொன்னேன், எல்லாத்துக்கும் சேத்து எடுங்கன்னு. காதுலயே போட்டுக்கல.

— எல்லாரையும் என்னால தூக்கி விட முடியுமா?

— முடியாது. அப்ப ஸ்கூல முன்னேத்துறேன்னு மேடையில பேசாதீங்க.

— இதெல்லாம் நாம அப்புறம் பேசலாம். அந்தப் பொண்ணு என்ன பாவம் பண்ணிச்சு? டிசிய நிறுத்தி வைக்க உங்களுக்கு உரிமை கிடையாது. நான் மேலிடத்துல சொல்லுவேன்.

— தாராளமா சொல்லுங்க. அதுக்கு முன்னாடி ஒரு வழி இருக்கு. கேக்குறீங்களா?

— சொல்லுங்க.

— ஏழு பிள்ளைய எடுத்துட்டுப் போனீங்க. ஒண்ணே ஒண்ணு திருப்பிக் குடுங்க. உங்க பேத்தி மூணாங்கிளாஸ்தானே? வீடும் பின்னாடி தெருவுலதான்.

— என்ன டீச்சர் பேசுறீங்க?

— ஆண்டு விழாவுல மைக்கப் புடிச்சு, நம்ம ஸ்கூல் முன்னாடி பிரைவேட் ஸ்கூலே தோத்துப் போகும்னு சொன்னீங்களே. நாளைக்குக் காலைல பாப்பா வந்து உக்காந்தா இருபது. தையல்காரம்மா பொண்ணும் போகட்டும், இதுங்களும் இங்கயே படிக்கட்டும். ஒரு போன்தான் சார்.

— அது மாப்பிள்ளை எடுக்க வேண்டிய முடிவு. நான் வாயத் திறந்தா வீட்ல ரணகளமாயிடும்.

— கேட்டுப் பாருங்க.

— இல்ல டீச்சர், புரிஞ்சுக்கோங்க. இங்க இருக்கிற பாத்ரூமுக்கே பாப்பா ஒருநாள் தாங்க மாட்டா.

— பாத்ரூமுக்கு என்ன? உங்க ஆளுங்க சுவர் பூரா பட்டாம்பூச்சி வரைஞ்சாங்களே.

— கதவுக்குத் தாழ்ப்பாளே இல்லையே.

— அது எனக்குத் தெரியும். மூணு வருஷமா எழுதிப் போட்டுகிட்டே இருக்கேன். உங்களுக்கும் தெரியும்னு இப்பத்தான் தெரியுது.

— நியாயமா பாத்தா...

— ம், சொல்லுங்க. நியாயமா பாத்தா?

— என் பேத்திய இங்க சேக்க முடியாது. அவ்வளவுதான். அந்தப் பொண்ணோட டிசிய எடுங்க.

— அது இங்க இல்ல சார். காலைல முதல் வேலையா கையெழுத்துப் போட்டு அவ அம்மா கையில குடுத்துட்டேன், இந்நேரம் பஸ்ஸே கிளம்பியிருக்கும். இந்த பதில உங்க வாயால கேக்கணும்னுதான் உக்கார வெச்சேன்.