மூன்றாவது ஓலை

வின்சி: ...அதெல்லாம் சொல்ல முடியாதுங்க. ஆபீஸ் விஷயம்.

ஜாக்சன்: கட்டிக்கப்போறவன் கேக்கறேன் வின்சி.

வின்சி: கட்டிக்கறது திங்கக்கெழமை. இன்னிக்கு வெள்ளி.

ஜாக்சன்: சூளகிரி சுகாதார ஆபீஸ்ல கொரோனா லிஸ்ட்டை கம்ப்யூட்டர்ல ஏத்தறதே நீதான். எத்தனை பேருன்னு ஒரே ஒரு நம்பர்...

வின்சி: மெதுவா! போன் சத்தம் வெளிய கேக்குது, மாதேஸ்வரி அக்கா பக்கத்துல இருக்காங்க.

ஜாக்சன்: வாட்ஸ்அப்ல நாப்பது பேருன்னு வருது.

வின்சி: காலையில இருபதுதானே? சாப்பிட்டு எழுந்திரிக்கறதுக்குள்ள நாப்பதா?

ஜாக்சன்: சிரிக்காத. நீங்க வாய் திறக்கலைன்னா ஜனங்க அதைத்தான் நம்புவாங்க.

வின்சி: நானும் எங்க டாக்டர் நாராயணப்பன் சார்கிட்ட அதையேதான் சொன்னேன். சொன்னா பயந்துடுவாங்கம்மான்னார்.

ஜாக்சன்: மறைச்சாதான் பயம்! உள்ளதைச் சொல்லிட்டா அவனவன் பார்த்துக்குவான்...

வின்சி: இருங்க, எழுதிக்கறேன். "மறைச்சாதான்... பயம்..."

ஜாக்சன்: எதுக்கு?

வின்சி: தேவைப்படும். ஆமா, பதினாலு நாளா ஏன் இந்தப் பக்கமே வரலை?

ஜாக்சன்: பல்வலின்னேனே.

வின்சி: நேத்து பெட்ரோல் இல்லைன்னீங்க.

ஜாக்சன்: பெட்ரோலும் இல்ல... பல்லும் வலி.

வின்சி: ரெண்டு தெரு தாண்டி வர பெட்ரோலா?

ஜாக்சன்: லாக்டவுன்மா. போலீஸ் நிக்குது.

வின்சி: எங்க ஆபீஸ் வாசல்ல நிக்கறவர் ரோஜாச் செடிக்குத் தண்ணி ஊத்திட்டு இருக்கார்.

ஜாக்சன்: சரி, அதை விடு.

வின்சி: ஞாயித்துக்கெழமை நம்ம மூணாவது கல்யாண ஓலை. மறக்கலையே?

ஜாக்சன்: எப்படி மறப்பேன்? காலிக் கோயில்ல நின்னு நம்ம பேரை ஃபாதர் மைக்ல படிப்பார். ஊரே போன்ல கேக்கும்.

வின்சி: "இந்தக் கல்யாணத்துக்குத் தடை ஏதாவது தெரிஞ்சா மறைக்காம சொல்லணும்"னு சொல்வார். உங்களுக்குச் சொல்றதுக்கு எதுவும்...?

ஜாக்சன்: எனக்கா? எனக்கென்ன... இருபது பேருக்குத்தான் அனுமதி. எங்க அத்தை வீடே பதினெட்டு. அதான் தடை.

வின்சி: அய்யோ! ஒரு நிமிஷம்... அக்கா கோந்து எடுத்துட்டுப் போறாங்க. டாக்டர் கையெழுத்துப் போட்டுட்டார்!

ஜாக்சன்: எதுல?

வின்சி: நோட்டீஸ்ல. இனிமே தினமும் சாயங்காலம் கேட்ல ஒட்டப்போறோம். எத்தனை டெஸ்ட், எத்தனை ரிசல்ட், எல்லாமே.

ஜாக்சன்: அப்ப இப்ப சொல்லு!

வின்சி: ஒட்டட்டும். அப்புறம் அது ஊர் விஷயம்.

ஜாக்சன்: ஒட்டியாச்சா?

வின்சி: மூணு மூலை... காத்து அடிக்குது... நாலாவதும் ஆச்சு.

ஜாக்சன்: படி வின்சி. ஒரு எடத்துல உக்கார முடியலை.

வின்சி: பல்வலி காலுக்கு எறங்கிடுச்சா? கேளுங்க. டெஸ்ட் எடுத்தவங்க பதினொண்ணு. ரிசல்ட் வந்தது பதினொண்ணு. நோய் உறுதியானவங்க...

ஜாக்சன்: சொல்லேன்டி!

வின்சி: ஒருத்தரும் இல்ல.

ஜாக்சன்: ஏசப்பா...! ஒருத்தரும் இல்லையா? திருப்பிப் படி!

வின்சி: ஒருத்தரும் இல்ல. பல்வலி போச்சா?

ஜாக்சன்: பறந்துடுச்சு! வண்டி எடுக்கறேன், இப்பவே வர்றேன்.

வின்சி: பெட்ரோல்?

ஜாக்சன்: டேங்க் ஃபுல்லு... வின்சி, ஒண்ணு சொல்லணும். திட்டக் கூடாது.

வின்சி: திட்டறது திங்கக்கெழமையிலிருந்து.

ஜாக்சன்: கம்பெனி வேன்ல என் பக்கத்துல உக்காந்து வந்தவருக்குக் கொரோனா. பெங்களூர் ஆஸ்பத்திரியில சேர்த்துட்டாங்க. அன்னியிலிருந்து ரூமை விட்டு வெளிய வரலை. முந்தாநேத்து டெஸ்ட் எடுத்தாங்க. அந்தப் பதினொண்ணுல நானும் ஒருத்தன்.

வின்சி: ஏன் சொல்லலை?

ஜாக்சன்: நீ பயந்துடுவேன்னு...

வின்சி: எழுதி வெச்சதைப் படிக்கட்டா?

ஜாக்சன்: வேணாம் தாயே. லிஸ்ட்டு உன்கிட்டதான் வரும்னு, யாரும் கூப்பிடாத என் ஞானஸ்நானப் பேரைக் கொடுத்தேன். நம்பரும் ரூம்மேட்டோடது. உனக்குக் கடைசிவரைக்கும் தெரியலை பாரு!

வின்சி: மரிய சவேரி. ஃபாதர் ரெண்டு ஞாயிறு மைக்ல படிச்ச பேருங்க அது! காலையிலேயே ரிசல்ட் வந்துடுச்சு... ஒட்டாம சொல்லக் கூடாது. நோட்டீஸ் ஒட்டியே ஆகணும்னு முந்தாநேத்திலிருந்து டாக்டர்கிட்ட எதுக்குச் சண்டை போட்டேன்னு நினைச்சீங்க?