தானாகக் கழலாத கம்பி

பழைய கம்ப்யூட்டரில் முதலில் உயிரை விடுவது அதற்குள் இருக்கும் சின்ன பேட்டரிதான். அது தீர்ந்தால் மெஷினுக்குத் தேதி மறந்துவிடும். டிஸ்க்கில் எழுதியது மட்டும் அப்படியே கிடக்கும். இது தெரியாமல் எத்தனையோ நல்ல மெஷின்களை எடைக்குப் போட்டுவிடுகிறார்கள், ஐயா.

நாகநாதன் முதலாளி போடவில்லை. அந்த வகையில் அவர் நல்லவர்தான். தொண்ணூற்று மூன்றில், வெளிநாட்டுச் சாமான்கள் வரத் தொடங்கிய புதிதில், பட்டுச்சேலைக்குக் கரை வரைய பெங்களூரிலிருந்து ஒரு ஒர்க்ஸ்டேஷன் இறக்கினார். கும்பகோணமே வந்து வேடிக்கை பார்த்தது. அதில் வரைந்தவள் என் தங்கை ஜெனித். ரிப்பேர் பார்த்தவன் ரெமிஜியஸ் ஆகிய நான். தஞ்சாவூரில் இன்னொரு பட்டுக் கம்பெனியிலும் அதே மாதிரி மெஷின் இருந்தது, அதற்கும் நான்தான்.

அடுத்த வருடம் ஜெனித் ஒரு நெற்கதிர்க் கரை வரைந்தாள். அது இங்கே தறி ஏறுவதற்கு முன்பே தஞ்சாவூர்க்காரர்கள் அதே கரையை நெய்து தீபாவளிக்குக் கடையில் தொங்கவிட்டார்கள். முதலாளி அவளைத் தறிக்காரர்கள் எல்லோரும் பார்க்க வாசலில் நிறுத்தி, "உண்ட வீட்டுக்கு ரெண்டகம் பண்ணிட்டியே" என்றார். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவள் கல்யாணத்துக்குக் கோயிலில் மூன்று ஞாயிறு அறிவிக்கும் ஓலையில் இரண்டு வாசித்தாகியிருந்தது. மாப்பிள்ளை வீட்டார் வேண்டாம் என்றார்கள். மூன்றாம் ஞாயிறு சாமியார் அவள் பெயரைத் தாண்டி அடுத்த ஜோடிக்குப் போனார். அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள், அவ்வளவுதான்.

பொங்கலுக்குள் மஸ்கட்டுக்கு வீட்டுவேலைக்குப் போனவள், இன்றைக்கும் அங்கேதான் பாத்திரம் தேய்க்கிறாள். இந்த மனிதரைச் சும்மா விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன். பதினெட்டு வருடம் அவர் வீட்டு மிக்சி முதற்கொண்டு ரிப்பேர் பார்த்துக் கொடுத்தேன். பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமியெல்லாம் வேண்டாம்.

போன ஆவணிக் கடைசியில் அவரே கடைக்கு வந்தார்.

"அந்தப் பழைய மெஷின ஓட வைக்க முடியுமா, ரெமி?"

"இப்ப எதுக்குங்க முதலாளி?"

"ஆயுத பூஜைக்கு வச்சுக் கும்பிடணும். அதோட, யாரு எப்ப என்ன செஞ்சாங்கன்னு உள்ள பதிவாகியிருக்கும்னு சொல்றாங்க. உன் தங்கச்சி விஷயம் மனச உறுத்திக்கிட்டே இருக்குப்பா. தப்பு என்மேலன்னா அவ கால்லயே விழுந்துடறேன்."

ஆறின கஞ்சி பழங்கஞ்சி. அவர் கத்தியபோது வந்ததைவிட அப்போதுதான் எனக்கு ஆத்திரம் அதிகமாக வந்தது. செய்து தருகிறேன் என்றேன்.

நாற்பது நாள் ஆயிற்று. மானிட்டருக்குள் பல்லி முட்டை. உப்பிப்போன கெப்பாசிட்டர்களை மாற்றினேன். சுழலாமல் பிடித்திருந்த டிஸ்க்கை இளஞ்சூட்டில் வைத்து மெல்லத் தட்டினேன், சுழன்றது. அந்த நெற்கதிர்க் கரையை டேப்பில் நகலெடுத்தது யார் என்பதும் அதில் ஒரு வரியாக இருந்தது. செப்டம்பர் ஏழு, பிற்பகல் மூன்று நாற்பது. அன்றைக்கு ஜெனித் மாதா திருவிழாவுக்கு வேளாங்கண்ணிக்கு நடந்துகொண்டிருந்தாள். கூட நடந்த அத்தனை பேரும் சாட்சி. வரியில் இருந்த பெயர் என்னுடையது.

பிறகுதான் நினைவு வந்தது. தஞ்சாவூரில் டேப் டிரைவ் மாற்றியபோது, ஓடுகிறதா என்று பார்க்க ஒரு டேப் தேவைப்பட்டது. கைக்குக் கிடைத்ததை இங்கிருந்து நகலெடுத்துக் கொண்டுபோய், அங்கேயே விட்டுவிட்டு வந்தேன். எந்த மெக்கானிக்கும் செய்வதுதான். வாசலில் நிறுத்திக் கத்தியது நானா?

அந்த வரியை அழித்தேன். அழித்த பிறகு அவரை விட்டிருக்கலாமே என்கிறீர்கள். விட்டிருக்கலாம். ஆனால் அழித்த இடம் விவரம் தெரிந்தவன் கண்ணுக்குத் தெரியும். முதலாளியோ விடாக்கண்டர், பெங்களூரிலிருந்து ஆளைக் கூட்டிவருவார். தவிர, எடுத்த வேலையைப் பாதியில் விடுவது எனக்குப் பழக்கமில்லை.

நான் வேதக்காரன். ஆனால் மெஷின் வேலை பார்ப்பவனுக்கு ஆயுத பூஜை தெரியாமல் இருக்குமா? தரையைக் கழுவிவிடுவார்கள். செருப்பில்லாமல்தான் நிற்பார்கள். குழைத்த சந்தனத்தை ஈர விரலால் தொட்டு மெஷினுக்குப் பொட்டு வைப்பார்கள். முதல் பொட்டு முதலாளி கையால்தான். இரும்புப் பெட்டியின் உடம்புக்கே கரண்ட் வந்திருந்தால், வேறொன்றும் வேண்டியதில்லை.

திரையில் நெற்கதிர்க் கரை வந்ததும் அவர் கண் கலங்கிவிட்டது. "பொண்ணு என்னமா வரைஞ்சிருக்கா பாரு" என்றார்.

"பொட்டு வைங்க முதலாளி" என்றேன்.

வைத்தார். கை ஒட்டிக்கொண்டது. மெயினை அணைக்க நான் நிதானமாகத்தான் நடந்தேன்.

எர்த் கம்பி தானாகக் கழன்றுவிட்டது என்று உங்கள் ஏட்டு எழுதியிருக்கிறாராம். அதைத் திருத்தத்தான் வந்தேன். நான் முடுக்கிய கம்பி தானாகக் கழலாது. கழற்றியது நான், பெட்டிக்குக் கரண்டைக் கொண்டுவந்ததும் நான். என் தங்கைக்காகச் செய்தேன்.

மஸ்கட்டுக்கு நீங்கள் ஃபோன் செய்வீர்கள். அண்ணன் உனக்காகப் பழி தீர்த்துவிட்டான் என்று மட்டும் சொல்லுங்கள். அந்த செப்டம்பர் ஏழாம் தேதி விஷயம் அவளுக்கு வேண்டாம், ஐயா. பாவம், மனசு கஷ்டப்படுவாள்.