பூண்டுத் தண்ணி

இல்ல சார், செருப்பைக் கழட்ட வேணாம். கோழிக் கொட்டகைக்குள்ள வெறுங்கால்ல வந்தா அப்புறம் நீங்கதான் வருத்தப்படுவீங்க. அந்தத் தட்டுல இருக்கிற மருந்துத் தண்ணியில செருப்போடயே ஒரு மிதி மிதிச்சிட்டு உள்ள வாங்க. எங்க வீட்டுக்காரரா? பால் வாங்கப் போயிருக்காரு. காலையிலயே வாங்கி வைங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். ஆபீசர் வர்றாருன்னா சட்டைக்கு இஸ்திரி போடத் தெரியுது, பாலு ஞாபகம் இல்ல. எதிர்ல வர்ற எல்லார்கிட்டயும் நின்னு பேசிட்டு வர எப்படியும் அரை மணி நேரம் ஆகும்.

ஆமா, இதுதான் அந்தச் சாம்பல் கழுத்து. கால் கறுப்பு, விரல் அஞ்சு, எண்ணிக்குங்க. இப்ப ஆறே ஆறு வீட்லதான் இந்த இனம் மிச்சம் இருக்குதாமே? சுத்த நாட்டு இனம் வளர்க்கிறவங்களைப் பதியுற உங்க புத்தகத்துல முதல் வீடா எங்க வீடுதான் வரப்போகுதுன்னு பத்து நாளா தலைகால் புரியாம ஆடிட்டு இருக்காரு.

என்னது, பூண்டுத் தண்ணியா? அதையும் எழுதிட்டீங்களா? போன்லயே சொல்லிட்டாராக்கும். அந்த மனுஷன் சொல்லாம இருப்பாரா! மத்த அஞ்சு வீட்லயும் முட்டை பொரிக்கவே மாட்டேங்குது, எங்க வீட்ல மட்டும் பொரிக்குது, காரணம் பூண்டுத் தண்ணி. போன தடவை கோழி வளர்க்கிறவங்க சங்கத்துல மைக்கைப் பிடிச்சு முக்கா மணி நேரம் பேசினாரு. அந்தப் பூண்டை உரிக்கிறது யாரு? நானு. தைக்கிறதுக்குத் துணி கொண்டு வர்ற பொம்பளைங்க என் கை நாத்தத்துக்கு மூஞ்சியைச் சுளிச்சிட்டுப் போறாங்க.

சிரிக்காதீங்க சார். எனக்கு எரிச்சலா வருது.

அந்த ஆறு வீட்ல ஒண்ணு பேக்கரிக்காரம்மா வீடு. போன வாரம் எனக்கு போன் பண்ணி அழுவுது. அக்கா, அண்ணன் சொன்ன அளவுலயே பூண்டுத் தண்ணி குடுத்தேன், நாள் தவறாம குடுத்தேன், ஒரு குஞ்சுகூடப் பொரிக்கலக்கா, ஏழு கோழிதான் மிச்சம்னு. நான் என்ன சொல்லட்டும்? இன்னும் ரெண்டு பல்லு சேர்த்துப் போடும்மான்னா சொல்றது? போனை வெச்சிட்டுத் தையல் மெஷின்ல உக்காந்தேன், ஊசி நேரா ஓடல.

எங்க வீட்லயும் அதே கதைதான் சார், ஆறு வருஷம் முன்னாடி. இருபது முட்டை வெச்சா மூணு பொரிக்கும். மத்ததை உடைச்சுப் பார்த்தா உள்ள முழுக் குஞ்சு இருக்கும் சார். இறகு, நகம், அஞ்சு விரல், எல்லாம் முழுசா. மூக்கை ஓட்டுல வெச்சபடியே செத்திருக்கும். ஒரு தட்டு தட்ட அதுக்குத் தெம்பில்ல. உடைச்சுப் பார்க்கிறது என் வேலை, கணக்கு நோட்டுல எழுதுறது அவர் வேலை. எத்தனை நாள் அந்தக் குப்பைக் குழிகிட்ட நின்னு அழுதிருக்கேன் தெரியுமா?

எல்லாம் சொந்தத்துக்குள்ளயே ஜோடி சேர்ந்து சேர்ந்து வந்த வினை. அது அவருக்கும் தெரியும். அதான் வேற ரத்தம் வேணும்னு எங்கெங்கயோ கடிதாசு போட்டு, ரெண்டு நாள் பயணம் போய், ஒரு சேவலைப் பொட்டியில தூக்கிட்டு வந்தாரு. இறக்கிக் கால் வளையத்தைப் பார்த்தா எங்க வளையம்! என்னைக்கோ இவர் யாருக்கோ குடுத்ததோட பேரன். சிரிக்கவா அழவான்னு தெரியல எனக்கு. மூணு நாள் மனுஷன் சரியாச் சாப்பிடல.

சரி, அந்த இனத்துல வேற ரத்தம்தான் இல்லைன்னு ஆயிடுச்சே, தெம்பான வேற சேவலை ஒரே ஒரு தடவை விட்டுப் பார்ப்போம்னு சொன்னேன். என்னமோ வீட்டைக் கொளுத்தச் சொன்ன மாதிரி குதிச்சாரு. கலப்பு ஒரு சொட்டு விழுந்தாலும் பதினெட்டு வருஷ உழைப்பு வீண்ணாரு. பக்கத்துல மெக்கானிக் வீட்ல ஒரு செவப்புச் சேவல் இருந்துச்சு, மஞ்சக் காலு, றெக்கை பூரா கிரீஸு. அதுக்குப் பயந்து இந்த வலையை மூணு தடவை உசத்திக் கட்டினாரு, பாருங்க. காலையில எழுந்ததும் மொத வேலையே அதைத் திட்டுறதுதான். அது பாட்டுக்கு டயர் மேல ஏறி நின்னு கூவும்.

அப்பதான் அவருக்குக் கண் ஆபரேஷன் வந்துச்சு. ஒண்ணுக்கு அப்புறம் ஒண்ணா, ரெண்டு கண்ணுக்கும். மூணு மாசம் தூசியே ஆகாது, கொட்டகைப் பக்கமே வரக்கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. கண்ணைக் கட்டிக்கிட்டு நாற்காலியில உக்காந்தபடியே, யாரோ சொன்னாங்கன்னு, பூண்டுத் தண்ணி குடு, பூண்டுத் தண்ணி குடுன்னு உசுரை வாங்கினாரு. குடுத்தேன். அந்தத் தடவை இருபதுல பதினாலு பொரிச்சிடுச்சு. கட்டு அவிழ்த்ததும் குஞ்சுங்களைக் கையில எடுத்து எடுத்துப் பார்த்தாரு. பார்த்தியா, நான் சொன்னேன்ல, பூண்டுன்னாரு. கண்ணுல தண்ணி வேற. நான் வாயைத் திறப்பேனா?

இருபதுல பதினாலுன்னு சொன்னேன்ல, அது அவர் கணக்கு. நிஜமா நான் வெச்சது முப்பது முட்டை, பொரிச்சது இருபத்தொண்ணு சார். மஞ்சக் காலோட வந்த ஏழு குஞ்சை அவர் கண்ணு தெளியறதுக்குள்ள மெக்கானிக் வீட்டுக்கே குடுத்தனுப்பிட்டேன்.

ஆமா. நீங்க நினைக்கிறதுதான். அந்தச் செவப்புச் சேவலைத் துணிப்பையில போட்டு நானேதான் தூக்கிட்டு வந்தேன். நல்ல கோழியா அஞ்சு பொறுக்கி அதோட விட்டேன். ஒவ்வொரு முட்டையிலயும் பென்சில்ல கூண்டு நம்பர் எழுதுவாரு இவரு, அந்த அஞ்சு கோழி முட்டைக்கும் பழைய கூண்டு நம்பரையே அவர் கையெழுத்து மாதிரி நான் எழுதினேன். அப்புறம் கறுப்புக் காலா வந்ததை மட்டும் பழைய கோழிங்களோட திரும்பத் திரும்பச் சேர்த்து இந்த அளவுக்குக் கொண்டு வந்தேன். இப்ப நீங்க போட்டோ எடுத்தீங்களே, கொண்டை நிமிர்ந்து நிக்குதே, அந்தக் கிரீஸுச் சேவலோட கொள்ளுப்பேரன்தான் அது.

பூண்டுத் தண்ணியையும் எழுதிக்குங்க, அதால கெடுதல் ஒண்ணும் இல்ல. ஆனா ஒரு தடவை வெளி ரத்தம் சேர்க்கணும்னு அதுக்குக் கீழ ஒரு வரி போட்டுடுங்க சார். பேக்கரிக்காரம்மா கோழி ஏழும் போறதுக்குள்ள போடுங்க. எங்க வீட்டைப் புத்தகத்துல அடிச்சிடணும்னா அடிச்சிடுங்க. அவர்கிட்ட நானே சொல்லிக்கிறேன். இன்னைக்கு மட்டும் வேணாம். இஸ்திரி போட்ட சட்டை போட்டிருக்காரு.

கேட் திறக்கிற சத்தம் கேக்குது, அவர்தான்.

வாங்க, வாங்க, சாரை எவ்வளவு நேரம் காக்க வைப்பீங்க? உங்க பூண்டுத் தண்ணியைப் பத்திதான் கேட்டுட்டு இருக்காரு. நீங்களே விவரமாச் சொல்லுங்க, நான் போய் டீயைப் போடுறேன்.